தணிக்கையாளர் கற்ற இலக்கணம்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில், அன்னாசி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற கரிச்சதுப்பு நிலப்பகுதியில், பெக்கான் நானாஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மலாய் மொழியில் 'பெக்கான்' என்பது சிறுநகரைக் குறிக்கும். 'நானாஸ்' என்பது அன்னாசியைக் குறிக்கும். அவ்வூர்ப் பெயரை 'நெனாஸ்' என்று எழுதுவோரும் உளர். உயிரொலி மாறியும் ஊர் மாறவில்லை. தமிழில் 'அன்னாசி' என்பதும் மலாயில் 'நானாஸ்' என்பதும் தென்னமெரிக்கப் பழங்குடியினரின் சொல் ஒன்று போர்த்துக்கீசியர் வாயிலாகக் கடல்கடந்து வந்ததன் விளைவு. ஆங்கிலேயரோ ஊசியிலை மரக்காயின் தோற்றத்தைக் கண்டு வேறொரு பெயரை இட்டுக்கொண்டனர். நன்னூல் பயின்ற மாணவன் முன்னதை இடுகுறி என்றும் பின்னதைக் காரணப்பெயர் என்றும் எளிதில் பிரித்துரைப்பான்.

அவ்வூர்ச் சாலையோரக் கடையில் அடுக்கப்பட்டிருக்கும் அன்னாசிகளுள் ஒன்றைப் படமெடுத்துத் திரையில் காட்டினால் என்ன தோன்றும்? 'அன்னாசி' என்னும் சொல் தோன்றாது. இதோ ஓர் அன்னாசி, பாதி பழுத்தது, கொண்டையில் ஓர் இலை காய்ந்தது, மாலை வெயில் இடப்புறமிருந்து அதன்மேல் விழுகிறது, அதன் பின்னே யாரோ ஒருவரின் கை தெரிகிறது. இத்தனையும் ஒருங்கே தோன்றும். காயா, பழமா என்று சொல்லாமலே 'அன்னாசி' என்று சொல்ல ஒரு சொல்லால் முடியும். அவ்வாறு சொல்லாமல் காட்ட எந்த ஒளிப்பதிவாளராலும் முடியாது.

இவ்வெளிய வேறுபாட்டை மறந்தவர்களே இன்று 'திரைமொழியின் இலக்கணம்' பேசுகின்றனர். ஷாட் எனப்படும் படத்துண்டு ஒரு சொல். காட்சி ஒரு தொடர். காட்சிகளின் கோவை ஓர் இயல். முழுப் படம் ஒரு நூல் என்று வாய்பாடு அமைத்துப் பயிலரங்குகளில் ஒப்பிக்கின்றனர். அண்மைக் காட்சி உணர்ச்சியைக் குறிக்கும். கீழிருந்து நோக்கும் காட்சி ஆற்றலைக் குறிக்கும். மேலிருந்து நோக்கும் காட்சி சிறுமையைக் குறிக்கும் என்று ஓர் அகராதியும் கூடவே தரப்படுகிறது. கேட்கும் ஆசிரியருக்கு இது புதிய அறிவியல் போலத் தோன்றும். மாணவருக்கோ மனப்பாடம் செய்ய மற்றொரு பட்டியல் கிடைத்துவிடும். படம் மட்டும் பார்க்கப்படாமலே போகும்.

வாய்பாடு புதியதும் அன்று. 1935ஆம் ஆண்டிலேயே ரேமண்ட் ஸ்பாட்டிஸ்வுட் என்னும் ஆங்கிலேயர் திரைப்படத்துக்கு இலக்கணம் வகுப்பதாகப் பெயர் சூட்டி ஒரு நூலை வெளியிட்டார். அதன்பின் மொழியியலின் பெயரால் அது புத்துயிர் பெற்றது. ஜெனீவா நகரில் ஃபெர்டினாண்ட் டி சசூர் 1907 முதல் 1911 வரை ஆற்றிய பாடங்கள், அவர் 1913இல் மறைந்த பின்னர், மாணவர் குறிப்புகளின் துணைகொண்டு 1916இல் நூலாயின. சொல் என்பது ஒலிவடிவமாகிய குறிப்பானும் கருத்துவடிவமாகிய குறிப்பீடும் இணைந்த குறி என்றும், ஒரு குறியின் மதிப்பு அதனுள் இல்லை, பிற குறிகளிலிருந்து அது வேறுபடுவதிலேயே உள்ளது என்றும் அவர் விளக்கினார். குறிகள் அனைத்தையும் ஆராயும் பொது அறிவியல் ஒன்று தோன்றும் என்றும், மொழியியல் அதன் ஒரு பகுதியாக அமையும் என்றும் அவர் எதிர்பார்த்தார். அவ்வெதிர்பார்ப்பைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கிறிஸ்டியான் மெட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

மெட்ஸ் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே ஒரு வினா. பிரெஞ்சு மொழியில் 'லாங்' என்பது ஒரு சமூகத்தார் பகிர்ந்துகொள்ளும் கட்டமைந்த மொழியைக் குறிக்கும்; 'லாங்காழ்' என்பது பொருளுணர்த்தும் ஆற்றல் வாய்ந்த எதனையும் குறிக்கும் விரிந்த சொல். திரைப்படம் இவற்றுள் எது என்பதே வினா. முதலாவது அன்று, இரண்டாவதே என்பது மெட்ஸின் விடை. தமிழில் இரண்டிற்கும் 'மொழி' என்னும் ஒரே சொல் நிற்கின்றமையால், 'திரைமொழி' என்று எழுதிய கை எந்த மொழியைக் கருதி எழுதியது என்று கேட்பாரில்லாமல் போயிற்று. மெட்ஸ் 'இல்லை' என்றார். அவர் பெயரை அடிக்குறிப்பில் இட்டு 'ஆம்' என்று எழுதுகின்றனர்!

அவர் 'இல்லை' என்றதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் வலிமை மிக்கதைத் தமிழாசிரியர் பிறரினும் எளிதில் உணர்வர். தமிழின் முதலெழுத்துகள் 30. தனித்து நோக்கினால் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் இல்லை; அவை கூடிப் பொருளுடைய சொற்கள் பல்லாயிரம் பிறக்கின்றன; சொற்கள் கூடித் தொடர்கள் அளவின்றிப் பிறக்கின்றன. பொருளற்ற ஒலி, பொருளுடைய சொல் என்னும் இவ்விரு தளங்களையும் ஆந்திரே மார்த்தினே என்னும் மொழியியலார் இரட்டைப் பகுப்பு என்றார். திரைப்படத்தில் இத்தகைய எழுத்துகள் இல்லை. அன்னாசியின் படத்தைக் கூறுபோட்டால் கிடைப்பது கொண்டை, தோல், நிழல். அவையும் பொருளுடையனவே, 'க்' போலவோ 'ச்' போலவோ பொருளற்ற அலகு எங்கும் கிட்டாது. படத்துண்டுகளின் தொகை சொற்றொகை போல முன்னரே அமைந்ததும் அன்று. ஒவ்வொரு படத்துண்டும் அன்றன்று புதிதாக எடுக்கப்படுகிறது. ஆகவே அதனை ஒப்பிட வேண்டுமாயின் சொல்லோடு ஒப்பிடலாகாது, ஒரு முழுத் தொடரோடு ஒப்பிட வேண்டும். இத்தாலிய இயக்குநர் பசோலினியும் உம்பர்த்தோ எக்கோவும் இதனை அடுத்த சில ஆண்டுகளில் வெவ்வேறு கோணங்களில் மறுத்தும் திருத்தியும் எழுதினர். அவ்வழக்கின் நுணுக்கம் இங்கு வேண்டுவதில்லை. படத்துக்கு அகராதி எழுதலாம் என்று அவர்களும் சொல்லவில்லை என்பதே போதும்.

எனின், மொழியியலைத் திரையரங்கின் வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லலாமா? கூடாது. மொழியியல் தருவது அகராதியன்று, ஒரு சோதனை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் அதனை நாள்தோறும் செய்கிறார். 'மலை' என்று கரும்பலகையில் எழுதி, 'ம'வை அழித்து 'வ' எழுதினால் 'வலை'. 'த' எழுதினால் 'தலை'. 'க' எழுதினால் 'கலை'. ஓரிடத்தில் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்துப் பார்க்கும்போது பொருள் மாறுமாயின் அவ்வேறுபாடு அம்மொழியில் உயிருள்ளது. மாறாதாயின், 'நானாஸ்–நெனாஸ்' போல, அது வெறும் ஒலித்திரிபு. இஃது ஒரு வினா: இவ்விடத்தில் வேறு எது நின்றிருக்கக்கூடும்? இதனோடு இன்னொரு வினாவும் சேரும்: இதற்கு முன்னும் பின்னும் எது நிற்கிறது? முன்னதை மாற்றுநிலை உறவு என்றும் பின்னதைத் தொடர்நிலை உறவு என்றும் கொள்ளலாம். திரைப்படத்தைப் பயில்வதற்கு மொழியியலிலிருந்து கடன் வாங்கத்தக்கவற்றுள் இவ்விரண்டிற்கும் மேலாக மிகுதியாக ஒன்றும் இல்லை.

ருசிய இயக்குநர் குலெஷோவ் செய்ததாகக் கூறப்படும் சோதனை இரண்டாம் வினாவிற்குரியது. ஒரே நடிகரின் ஒரே முகத்தைக் கஞ்சிக் கிண்ணத்தின் அடுத்தும், சவப்பெட்டியின் அடுத்தும் ஒட்டிக் காட்டியபோது பார்த்தவர்கள் முதலில் பசியையும் பின்னர்த் துயரத்தையும் அம்முகத்தில் கண்டனராம். அச்சோதனையின் படச்சுருள் இன்று இல்லை. சொன்னவர்களின் கூற்றுகளும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடுகின்றன. எனினும் பொருள் முகத்தினுள் மட்டும் இல்லை, அடுத்து வருவதிலும் உள்ளது என்னும் உண்மையைப் படத்தொகுப்பு மேசையில் அமர்ந்த எவரும் மறுக்கமாட்டார்.

முதல் வினாவிற்குத் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாடல்கள் இல்லை. பாடல் இல்லாத படங்கள் உலகில் எத்தனையோ உள. அங்கெல்லாம் பாடல் இல்லாமை எதனையும் குறிப்பதில்லை. பாடல் வரும் என்று எதிர்பார்த்து அமர்ந்த தமிழரங்கில்தான் அவ்வில்லாமை பேசியது. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை என்று கற்பிக்கும் ஆசிரியருக்கு இஃது வியப்பளிக்கக் கூடாது. ஏனைய வேற்றுமைகளுக்கு உருபு இருப்பதனாலன்றோ, இல்லாமையே எழுவாய்க்கு அடையாளமாயிற்று! தொகைநிலைத் தொடரில் மறைந்து நிற்கும் உருபை விரித்துக் காட்டத் தெரிந்தவருக்கு, படத்தில் மறைந்து நிற்பதை விரித்துக் காட்டுதல் அரிதாகுமா?

ஆனால் அவர் அதைச் செய்வதில்லை. திரைப்படம் என்றதும் தமிழ் வகுப்பறையில் இரண்டே நடைமுறைகள் வழங்குகின்றன. ஒன்று, 'திரைப்படத்தின் நன்மை தீமைகள்' என்னும் கட்டுரை. நன்மை மூன்று, தீமை மூன்று, முடிவுரையில் அன்னப்பறவை. மற்றொன்று, படத்தைச் சொற்களாக மட்டும் கேட்பது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்ற உரையாடலைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக ஒப்புவித்தவர் பலர். அவ்வுரையைப் பேசிய முகத்தைப் படக்கருவி எங்கிருந்து நோக்கியது, அம்முகத்தை அடுத்து யாருடைய முகம் காட்டப்பட்டது என்று கேட்டவர் சிலரே. நல்ல தமிழ் பேசினால் நல்ல படம். கலப்புத்தமிழ் பேசினால் கெட்ட படம். கண்ணுக்குப் படைக்கப்பட்டதைக் காதால் மட்டும் அளக்கும் இம்மதிப்பீடு தமிழ்ப்பற்றின் பெயரால் நடைபெறுவதால் எவரும் அதனைத் தட்டிக் கேட்பதில்லை.

தமிழாசிரியர் செய்யத் தவறிய அச்சோதனையைச் செவ்வனே செய்துவருபவர் ஒருவர் உண்டு. அவர் தணிக்கையாளர்.

1966இல் வெளிவந்த 'அன்பே வா' படத்தின் பாடலொன்றில் ஞாயிற்றுக்கு முன் நின்ற ஓர் அடைமொழி தணிக்கையினால் மாற்றப்பட்டது. முதலில் எழுதப்பட்ட அடைமொழி, உதிக்கும் ஞாயிற்றைச் சின்னமாகக் கொண்ட கட்சியை நேரே நினைவூட்டியது. நாயகராக நடித்த எம்.ஜி.ஆர். அக்கட்சியைச் சேர்ந்தவர். ஓரிடத்தில் ஒரு சொல்லை எடுத்து அதே அளவுடைய மற்றொரு சொல்லை வைத்தால் பொருள் மாறிவிடும் என்று தணிக்கையாளர் கருதினார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு மொழியியலாரின் சோதனையே. சோதனையின் முடிவுதான் அவர் விரும்பியவாறு அமையவில்லை. அடைமொழி மாறியும் ஞாயிறு அங்கேயே நின்றது. பாடிய முகமும் அங்கேயே நின்றது. அம்முகம் பிற படங்களில் ஏற்ற வேடங்கள், மேடைகளில் ஆற்றிய உரைகள், கறுப்பு சிவப்பு வண்ணங்கள் ஆகிய வலைப்பின்னல் முழுவதும் அச்சொல்லைச் சுற்றி நின்று பழைய பொருளையே தாங்கிப் பிடித்தது. குறியின் மதிப்பு குறியினுள் இல்லை என்று சசூர் கூறியதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் தேடுதல் அரிது. (மறு ஆண்டு, 1967இல், அக்கட்சி தமிழகத்தில் ஆட்சியைப் பிடித்தது பாடல்களால்தான் என்று சொல்வோரும் உளர். அது மிகை. விலைவாசியும் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் பாடத் தெரியாதவை அல்ல.)

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 2016இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் இரஜினிகாந்த் நடித்த 'கபாலி' வெளிவந்தது. மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வையும் குண்டர் கும்பல்களையும் பின்னணியாகக் கொண்ட இப்படம் மலேசியாவிலேயே பெரும்பகுதி எடுக்கப்பட்டது. இந்தியாவில் காட்டப்பெற்ற படியில் இறுதிக் காட்சி இவ்வாறு அமைந்தது: காவல்துறையினரால் ஏவப்பட்ட இளைஞன் ஒருவன், கபாலியின் அறப்பள்ளியில் பயின்றவன், துப்பாக்கியுடன் அவரை நெருங்குகிறான், திரை இருள்கிறது, வெடியோசை கேட்கிறது. படம் முடிகிறது. மலேசியத் திரையரங்குகளில் காட்டப்பெற்ற படியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்னும் பொருள்பட ஒரு வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டிருந்தது.

ஒரே ஒரு வாசகம். ஓர் உருவமும் மாறவில்லை, ஓர் உரையாடலும் மாறவில்லை. எனினும் படம் முழுவதும் பின்னோக்கி மாறிவிடுகிறது. இருண்ட திரையில் வெடியோசை நின்றபோது, யார் சுட்டது, யார் வீழ்ந்தது என்னும் ஐயத்தோடு, இளைஞனைத் துப்பாக்கியாக்கியது யார் என்னும் வினாவும் அரங்கில் எஞ்சியது. வாசகம் தோன்றியவுடன் அவ்வினாவுக்கு இடமில்லை. ஏவியவரிடமே ஏவப்பட்ட கதை சென்று முடிகிறது. குற்றம் அடங்கியது, சட்டம் ஓங்கியது. தொடரின் இறுதியில் நிற்கும் வினைமுற்றை 'வந்தான்' என்பதிலிருந்து 'வாரான்' என்று மாற்றினால் முன்நின்ற எழுவாய், செயப்படுபொருள், அடைமொழி அனைத்தும் வேறு வெளிச்சம் பெறுவது போன்றதே இது. 1966இன் தணிக்கை இடையில் ஒரு சொல்லை மாற்றித் தோற்றது. 2016இல் தொடரின் முடிபை மாற்றியது வென்றது. எது பொருளைத் தாங்கும் தூண், எது வெறும் பூச்சு என்று கண்டுகொள்ளும் திறன் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தணிக்கைக்குக் கைவந்துவிட்டது போலும்.

அதே படத்தில் நாயகர் அணியும் கோட்டையும் நோக்குக. தமிழ்த் திரையின் ஊர்த்தலைவர்க்கு வேட்டியும் துண்டும் என்பது நெடுநாள் வழக்கு. அவ்விடத்தில் கோட்டு வந்து அமர்கிறது. அண்ணல் அம்பேத்கரின் உடையோடு அதனை இணைத்துக் காணுமாறு படமே உரையாடலில் சுட்டுகிறது. வேட்டி நின்றிருக்கக்கூடிய இடத்தில் நிற்பதனாலேயே கோட்டு உரிமைக்குரலாகிறது. அலுவலகக் கதையொன்றில் மேலாளர் அணியும் கோட்டு யாரையும் எதனையும் கேட்பதில்லை. 'கோட்டு = பெருமிதம்' என்று அகராதியில் எழுதி வைக்கும் திரைமொழி இலக்கணத்தார் இவ்விரு கோட்டுகளையும் எவ்வாறு வேறுபடுத்துவர்?

மெட்ஸையும் அவ்வாறே வாய்பாடாக்கிவிட்டனர். படத்துண்டுகள் ஒன்றோடொன்று தொடரும் முறைகளை அவர் 8 வகைகளாகப் பகுத்தார். ஜாக் ரோசியே இயக்கிய 'அதியூ ஃபிலிப்பீன்' (1962) என்னும் பிரெஞ்சுப் படத்தை அவ்வகைப்படி பகுத்தும் காட்டினார். அது மேனாட்டுக் கதைப்படங்களின் வழக்கைக் கண்டு வகுத்த பகுப்பு. அதனைத் தமிழ்ப்படத்தின்மேல் அப்படியே சாத்தினால் முதலில் இடிப்பது பாடற்காட்சி. பல்லவி பூங்காவில், முதற் சரணம் மலைச்சாரலில், இரண்டாம் சரணம் கடற்கரையில். உடை மூன்று, இடம் மூன்று, காலம் எது என்பதற்கே விடையில்லை. எனினும் அரங்கில் ஒருவரும் குழம்புவதில்லை. ஏனெனில் அங்கே தொடர்ச்சியைத் தாங்குவது இடமன்று, காலமன்று, பாட்டின் இசை. உருவத்தின் வரிசையையே முதன்மையாகக் கொண்டு பகுத்த அட்டவணையில் இதற்குக் கட்டமில்லை. கட்டமில்லையாயின் குறைபட வேண்டியது அட்டவணை. இங்குள்ள சில கட்டுரையாளரோ பாட்டைக் குறைகூறுகின்றனர். தமிழ்ப்படம் இன்னும் 'திரைமொழி' கற்கவில்லை என்று தீர்ப்பெழுதுகின்றனர். ஐரோப்பிய மொழிகளின் இலக்கணத்தைத் தமிழ்மேல் சுமத்திய பழைய பிழையிலிருந்து மீள எத்தனை காலம் பிடித்தது என்பதை அறிந்தவர்களே இதனைச் செய்வது இரங்கத்தக்கது.

பாடற்காட்சியின் இவ்வமைப்பு மொழியெல்லையையும் எளிதாகக் கடந்தது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ஷா சகோதரர் தயாரித்த மலாய்ப் படங்கள் பலவற்றை இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களே இயக்கினர். 1950இல் 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன்; பி. ரம்லி நாயகராக உயர்ந்தது அப்படத்தில். கதையை நிறுத்திப் பாட்டு எழும் முறை மலாய் மக்களுக்குப் புரிவதற்கு அவர்கள் தமிழோ இந்தியோ கற்க வேண்டியிருக்கவில்லை. மொழியாக இருந்திருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும்.

மறுபுறம் நிற்பவர்களையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். சசூரும் மெட்ஸும் எதற்கு, எல்லாம் தொல்காப்பியத்திலேயே உள்ளது என்போர் அவர்கள். மலைச்சாரலில் காதலர் பாடினால் குறிஞ்சி என்றும், கடற்கரையில் அழுதால் நெய்தல் என்றும் எழுதி மகிழ்கின்றனர். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் காதலர் பாடியதற்குச் சென்னைப் படநிறுவனங்களின் செலவுக் கணக்கும், வெயிலுக்கு ஒதுங்க ஆங்கிலேயர் அமைத்த மலைவாழிடங்களின் கவர்ச்சியும் காரணங்கள் என்பதை மறந்துவிடலாகாது. தொல்காப்பியர் திரைப்படம் கண்டவர் அல்லர். அவருக்கு அப்பெருமை தேவையும் இல்லை. ஆனால் திணைக்கோட்பாட்டில் பயிலத்தக்க நுட்பம் வேறொன்று உண்டு. மலை தன்னளவில் புணர்ச்சியைக் குறிப்பதில்லை. முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகியவற்றினின்று வேறுபட்டு நிற்பதனால் குறிக்கிறது. பறவையும் பறையும் யாழும் உணவும் தொழிலும் தனித்தனியே பேசுவதில்லை; ஒரு நிலத்துக் கருப்பொருளாகக் கூடி நின்று உரிப்பொருளைப் புலப்படுத்துகின்றன. ஏ.கே. இராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டபோது, இவ்வமைப்பைக் கவிதைக்குள் இயங்கும் மற்றொரு மொழியாகவே விளக்கினார். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தபின் தமிழிலேயே இதனைப் பேச வழி பிறந்தது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அதற்கு முன்பே, 1981இல், தமிழ்ப்படத்தை அரசியல் ஊடகமாக ஆராய்ந்து எழுதினார். கலைச்சொல் எதனையும் பறைசாற்றாமலே, தமிழர் அனைவரும் சாதி கடந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு திரையரங்கே என்று அவர் கண்டார். கோயிலிலும் கூத்திலும் வேறாய் நின்றவர் அங்கே கட்டணத்தால் மட்டுமே பிரிக்கப்பட்டனர். எந்த இடத்தில் எது மாறியது என்று கேட்டதனால் கிடைத்த காட்சி அது.

இவையெல்லாம் பெக்கான் நானாஸ் போன்ற ஊரில் தமிழ் பயிலும் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். அப்பிள்ளை தன்னைப்போன்ற ஒருவனைத் திரையில் எப்போது காண்கிறான் என்பதை எண்ணினால் விடை கிடைக்கும். சென்னையிலிருந்து வரும் படங்களில் மலேசியா பெரும்பாலும் பெட்ரோனாஸ் கோபுரமாகவும் கடத்தல்காரரின் இருப்பிடமாகவும் வருகிறது. இந்நாட்டிலேயே எடுக்கப்பட்ட படங்கள் சிலவே. தீபக் குமாரன் மேனன் 2005இல் தோட்ட வாழ்வை வைத்து எடுத்த 'செம்மண் சாலை' அவற்றுள் ஒன்று. அதன் ஆங்கிலப் பெயரில் செம்மண் சரளைக்கல்லாயிற்று. சாலை அதே சாலைதான். ஆனால் சரளைக்கல் என்பதில் வண்டி குலுங்குவது மட்டுமே தெரியும். செம்மண் என்பதில் பிள்ளையின் பாதமும் பால்மரத்தின் வேரும் தெரியும். சங்கப்பாட்டு அறிந்த ஆசிரியருக்கு மழைநீரும் தெரியும்.

சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் அளித்த 'ஜகாட்' இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1990களின் தொடக்கத்தில், தோட்டம் சிதறியபின் வேரற்ற குடும்பமொன்றில் வளரும் அப்போய் என்னும் சிறுவனின் கதை அது. தலைப்பே மொழியியல் பாடம். 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கெட்ட, தீய என்று பொருள். மலாயில் ஹகரமும் ககரத்தின் மெல்லொலியும் வெவ்வேறு ஒலியன்கள். ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தால் சொல் மாறும். தமிழிலோ இரு உயிர்களுக்கிடையே நிற்கும் ககரம் ஹகரச் சாயலாகவும் ககரச் சாயலாகவும் ஒலிக்கலாம், அவை ஒரே எழுத்தின் மாற்றொலிகள், பொருள் மாறாது. மலாய்ச் சொல் தமிழ் நாவில் ஏறி 'ஜகாட்' ஆனபோது தமிழரைப் பொறுத்தவரை ஒன்றும் நிகழவில்லை. மலாய் காதுக்கோ அது பிழை. கெட்டவன் என்று அப்பிள்ளையைச் சுட்டும் சொல்லே அப்பிள்ளையின் இனத்தாரின் உச்சரிப்பில், பிழையென்று கருதப்படும் ஒலியோடு, படத்தின் நெற்றியில் எழுதப்பட்டது. இரு மொழிகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழும் ஒருவனை இதனினும் சுருக்கமாகக் காட்ட இயலுமா? வடமொழி அறிந்தவர் செவியில் அதுவே உலகம் என்றும் ஒலிக்கும். அது தற்செயலாகவும் இருக்கலாம்.

2016இல் நடைபெற்ற 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களுக்கென முதலில் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. தான் எது என்பதால் அன்றித் தான் எது இல்லை என்பதால் பெயர் பெறும் பிரிவு அது. எதிர்ப்பு எழுந்தது, பிரிவுகள் மாற்றப்பட்டன, முடிவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருது 'ஜகாட்' படத்துக்கே வழங்கப்பட்டது. விருதுச்செய்தியைத் தமிழ் வகுப்புகள் பெருமையோடு பேசின. படத்தைப் பேசிய வகுப்புகள் எத்தனை? குண்டர் கும்பலைக் காட்டும் படம் மாணவருக்கு ஆகாது என்று ஒதுக்குவது எளிது. ஒதுக்கியபின்னும் மாணவர் அதனைக் கைப்பேசியில் காண்கின்றனர், ஆசிரியர் இல்லாமல். அப்போய் ஏன் கெட்டான் என்பதற்கு 'சேர்க்கை' என்று கட்டுரையில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஒரு சட்டகத்தில் அவன் பின்னே எது நிற்கிறது, எந்தக் காட்சிக்கு அடுத்து எந்தக் காட்சி வந்து அவனைக் கெட்டவனாக்குகிறது என்பதைக் காணும் கண் அவர்களுக்குத் தரப்படவில்லை. தம்மைப் பற்றி எழுதப்பட்ட தொடரில் முடிபை மாற்றியவர் யார் என்று கேட்கத் தெரியாத பிள்ளைகள், அம்முடிபையே தம் முடிபாக ஏற்றுக்கொள்வர்.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. கலைச்சொல் அகரவரிசையும் வேண்டியதில்லை. 'திரைப்படத்தின் நன்மை தீமைகள்' என்னும் தலைப்பை ஓராண்டுக்கு நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கலாம்: 'கபாலியின் இறுதி வாசகத்தை நீக்கினால் எக்காட்சி மாறும்? எக்காட்சி மாறாது?'